ஃப்ளோ ஃபார்மிங்: குழாயின் சுவரை மெலித்து நீளமாக்கும் முறை

தடித்த சுவரும் குறைந்த நீளமும் கொண்ட ஒரு குழாயை, அதன் உட்புறத்தை நிரப்பும் மேண்ட்ரல் என்ற வட்டத் தண்டில் ஏற்றிச் சுழற்றி, வெளிப்புறத்தில் மூன்று உருளைகளால் அழுத்திக்கொண்டே அவற்றை நகர்த்தினால், சுவர் மெலிந்து குழாய் நீள்கிறது. இதுவே ஃப்ளோ ஃபார்மிங். ராக்கெட் மோட்டாரின் உறை போன்ற மெல்லிய, வலுவான, தையலற்ற குழாய்கள் பலவும் இம்முறையில் பிறக்கின்றன. கார்களின் அலாய் வீலில் ரிம் பகுதியையும் இப்படித்தான் நீட்டுகிறார்கள், ஆனால் அதைச் சூடாகச் செய்கிறார்கள். இங்கே குளிர்ந்த நிலையில் எஃகுக் குழாயை உருவாக்குவதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். லேத் வேலையில் பழகியவர்கள் ஒன்றை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். லேத்தில் வேண்டாத உலோகம் சீவலாக வெளியேறிவிடுகிறது. இங்கே ஒரு துளி உலோகமும் வெளியேறுவதில்லை, ஆகவே உருளை அழுத்திய உலோகம் எந்தத் திசையில் போகிறது என்பதே முழு வேலையையும் தீர்மானிக்கிறது.

கணக்கிலிருந்து தொடங்குங்கள். கன அளவு மாறாது, உள்விட்டமும் மாறாது என்று கொண்டால், உள்விட்டத்தோடு சுவர்த் தடிமனைக் கூட்டி, அதைத் தடிமனாலும் நீளத்தாலும் பெருக்கி வரும் எண் முன்னும் பின்னும் ஒன்றாகவே இருக்க வேண்டும். 100 மில்லிமீட்டர் உள்விட்டம், 3 மில்லிமீட்டர் சுவர், 600 மில்லிமீட்டர் நீளம் கொண்ட குழாய் தேவை, கையிலுள்ள மூலக் குழாயின் சுவர் 8 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முடிவில் 103ஐ 3ஆல் பெருக்கினால் 309, தொடக்கத்தில் 108ஐ 8ஆல் பெருக்கினால் 864. எனவே மூலக் குழாயின் நீளம் ஏறத்தாழ 215 மில்லிமீட்டர் போதும், அதோடு பிடிமானத்துக்கும் முனைகளை வெட்டி ஒழுங்குபடுத்தவும் தேவையானதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். தடிமன் குறைப்பு 62.5 விழுக்காடு. இழுவைச் சோதனையில் முறியும் இடத்தில் குறுக்குப் பரப்பு 50 விழுக்காடோ அதற்கு மேலோ சுருங்கும் உலோகம், பொதுவாக 80 விழுக்காடு வரை தடிமன் குறைப்பைத் தாங்கும் என்பது நெடுநாளாகப் பயன்படும் வழிகாட்டி. தாங்கும் என்பதற்காக உருளைகளின் ஒரே ஓட்டத்தில் முடித்துவிடக் கூடாது. முதல் ஓட்டத்தில் 8இலிருந்து 5 மில்லிமீட்டருக்கும், இரண்டாவதில் 5இலிருந்து 3க்கும் இறக்குவதே நான் பரிந்துரைக்கும் வழி. முதல் ஓட்டம் முடியும்போது குழாய் ஏறத்தாழ 353 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அதைவிடக் குறைந்திருந்தால், சுவர் கணக்கிட்டதைவிடத் தடித்திருக்கிறது அல்லது விட்டம் பெருத்திருக்கிறது என்று பொருள்.

அடுத்து, முன்னோக்கிய முறையா பின்னோக்கிய முறையா என்று முடிவு செய்ய வேண்டும். ஒரு முனை மூடியோ உட்புறம் விளிம்போ உள்ள மூலப்பொருளை மேண்ட்ரலின் முனையில் வைத்து, எதிர்முனைத் தாங்கியான டெயில் ஸ்டாக்கால் இறுக்கினால், உருளை நகரும் திசையிலேயே உலோகமும் ஓடும். இது முன்னோக்கிய முறை. இதில் நீளத்தையும் நேர்த்தன்மையையும் நன்றாகக் கட்டுப்படுத்தலாம், ஆனால் உருளை முழு இறுதி நீளத்தையும் கடந்தாக வேண்டும், மேண்ட்ரலும் அவ்வளவு நீளம் இருந்தாக வேண்டும். இருபுறமும் திறந்த குழாயைப் பல் வெட்டிய வளையத்தில் முட்டவைத்து இயக்கினால், உருளைக்கு அடியில் நசுங்கிய உலோகம் உருளைக்கு எதிர்த்திசையில் வெளியே வரும். இது பின்னோக்கிய முறை. இதில் உருளை மூலக் குழாயின் நீளத்தை மட்டும் கடந்தால் போதும், மேண்ட்ரலைவிட நீளமான குழாயும் கிடைக்கும்.

குழாய் ஒருமுறை சுழலும்போது உருளை நகரும் தூரமே ஃபீட். இந்த இரண்டு முறைகளுக்கும் ஒரே ஃபீட் எண்ணைப் போடுவது பலரும் செய்யும் தவறு. முன்னோக்கிய முறையில் உருவான பகுதி நகராமல் நிற்பதால், சுற்றுக்கு 0.5 மில்லிமீட்டர் ஃபீட் கொடுத்தால் மேற்பரப்பில் விழும் வரிகளின் இடைவெளியும் 0.5 மில்லிமீட்டராகவே இருக்கும். பின்னோக்கிய முறையில் உருவான பகுதி எதிர்த்திசையில் விலகி ஓடுவதால், நம் முதல் ஓட்டத்தில் அதே ஃபீட்டுக்கு அந்த இடைவெளி ஏறத்தாழ 0.82 மில்லிமீட்டராகிறது. மேற்பரப்பு ஏன் இவ்வளவு சொரசொரப்பாக இருக்கிறது என்ற கேள்விக்குப் பல நேரங்களில் இதுவே விடை.

இனி, இந்த வேலையின் உயிர்நாடியான இடத்துக்கு வருவோம். பூரிக்கட்டையை மாவின் மீது உருட்டும்போது, மாவு கட்டையின் நீளவாக்கில் அதிகம் பரவுவதில்லை, கட்டை உருளும் திசையிலேயே நீள்கிறது. தொடும் பரப்பு எந்தப் பக்கம் குறுகியதோ அந்தப் பக்கம் தடை குறைவு என்பதே காரணம். உலோகத்துக்கும் இதே விதி பொருந்தும். உருளை குழாயைத் தொடும் பரப்பு, குழாயின் சுற்றுவட்டத் திசையில் நீளமாகவும் அச்சுத் திசையில், அதாவது குழாயின் நீளவாக்கில், குறுகியும் இருந்தால், உலோகம் அச்சுவாக்கில் ஓடிக் குழாய் நீளும். அது தலைகீழானால் உலோகம் சுற்றுவாக்கில் ஓடும், குழாயின் விட்டம் பெருக்கும், மேண்ட்ரலை விட்டு விலகும், முனை மணிவாய் போல விரியும்.

இதைத் தோராயமாகக் கணக்கிட்டுப் பார்க்கலாம். உருளையின் ஆரம் 100, குழாயின் வெளி ஆரம் 58 மில்லிமீட்டர், நுழைவுக் கோணம் (உருளையின் முன்முகம் குழாயின் அச்சோடு கொள்ளும் சாய்வு) 25 பாகை, ஒவ்வொரு சுற்றிலும் உருளைக்கு அடியில் 0.5 மில்லிமீட்டர் உலோகம் நுழைகிறது என்று கொண்டால், சுற்றுவட்டத் தொடுநீளம் 4 மில்லிமீட்டர் அளவில் வரும். 8இலிருந்து 5க்கு இறங்கும் 3 மில்லிமீட்டர் முழுவதையும் ஒரே உருளை நசுக்கினால் அச்சுவாக்குத் தொடுநீளம் 6.4 மில்லிமீட்டர் ஆகிறது, ஆகவே உலோகத்தின் ஓட்டம் தவறான பக்கம் திரும்பும். மூன்று உருளைகளையும் அச்சுவாக்கில் ஒன்றன்பின் ஒன்றாகச் சற்றுத் தள்ளி வைத்து, ஒவ்வொன்றும் 1 மில்லிமீட்டர் மட்டும் நசுக்குமாறு ஆழத்தைப் படிப்படியாக அமைத்தால், அந்த நீளம் 2.1 மில்லிமீட்டராகக் குறைந்து ஓட்டம் நேராகிறது. உருளைகள் 120 பாகை இடைவெளியில் நிற்பதால் பக்கவிசைகள் ஒன்றையொன்று சமன் செய்து மேண்ட்ரல் வளையாமல் காப்பதும் ஒரு பெரிய நன்மைதான். ஆயினும் மூன்று உருளைகளால் கிடைக்கும் முதன்மையான பயன் சுமையை இப்படிப் பங்கிடுவதே என்பது என் எண்ணம்.

எனவே விட்டம் பெருக்கிறதென்றால், ஆழத்தைக் குறைப்பதற்கு முன் ஃபீட்டைச் சற்றுக் கூட்டிப் பாருங்கள். ஃபீட் கூடும்போது சுற்றுவட்டத் தொடுநீளம் கூடி, குழாய் மேண்ட்ரலோடு ஒட்டி நிற்கும். அளவு மீறினால் மேற்பரப்பு சொரசொரப்பாகும், குழாய் மேண்ட்ரலை இறுகப் பற்றிக்கொண்டு கழற்ற வராது. நுழைவுக் கோணத்தைக் கூட்டினாலும் உலோகத்தின் ஓட்டம் அச்சுவாக்கில் திரும்பும், ஆனால் உருளைக்கு முன்னால் உலோகம் அலைபோல் குவியத் தொடங்கும். அந்தக் குவியலை ஓட்டம் முழுவதும் கண் எடுக்காமல் கவனிக்க வேண்டும். சிறிதாக, ஒரே அளவில் நின்றால் பிழையில்லை. வளர்ந்துகொண்டே போனால் உடனே நிறுத்துங்கள், ஏனெனில் அது மடிந்து உருளைக்கு அடியில் சிக்கினால் மேற்பரப்பு செதில் செதிலாகக் கிழியும்.

மூலக் குழாயை அனீல் செய்து (சூடாக்கி மெதுவாக ஆறவிட்டு மென்மையாக்கி), உள்ளும் புறமும் கடைந்து, மேண்ட்ரலில் கையால் தள்ளி ஏற்றும் அளவுக்கு மட்டும் இடைவெளி விடுங்கள். சுவர் ஒருபக்கம் தடித்திருந்தால் அந்தப் பக்கம் அதிகம் நீளும், முனை சாய்வாக வரும், குழாயும் வளையும். தொடக்க முனையில் நுழைவுக் கோணத்துக்கு ஏற்ற சரிவைக் கடைந்துவிட்டால், உருளை மோதாமல் ஏறும். மேண்ட்ரலைக் கடினப்படுத்தி மெருகேற்றி, அதன்மீது உராய்வைக் குறைக்கும் மாலிப்டினம் டைசல்ஃபைடு பசையைச் சீராகப் பூசுங்கள். வெளிப்புறத்தில் கூலன்ட் என்னும் குளிர்விக்கும் திரவம் தடையின்றி ஓட வேண்டும். நசுங்கும் உலோகம் வெளிவிடும் வெப்பம் தேங்கினால் மேண்ட்ரல் விரிந்து உள்விட்டமே மாறிவிடும்.

உருளைக்கும் மேண்ட்ரலுக்கும் இடையே 5 மில்லிமீட்டர் வைத்தால் சுவர் 5 மில்லிமீட்டராக வராது. சுமையில் எந்திரம் சற்று விலகிக்கொடுப்பதால் சுவர் தடித்தே வரும். ஆகவே முதல் குழாயைச் சோதனைக்கென்று ஒதுக்கி, அதன் உட்சுவரில் அச்சுவாக்கில் ஒரு மெல்லிய கோடு கீறிவிட்டு ஓட்டுங்கள். பிறகு அதை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தால், சுவர்த் தடிமனோடு, அந்தக் கோடு எவ்வளவு முறுக்கிக்கொண்டது என்பதும் தெரியும். அதிகமாகச் சாய்ந்திருந்தால் உலோகம் இன்னமும் சுற்றுவாக்கில் இழுபடுகிறது என்று அறிந்து ஃபீட்டையும் படிநிலை ஆழங்களையும் திருத்துங்கள்.

இரண்டாவது ஓட்டத்துக்கு முன் மீண்டும் அனீல் செய்வதா என்பது உலோகத்தையும் தேவையையும் பொறுத்தது. குளிர்நிலையில் நசுங்கிய எஃகு இறுகி வலுக்கூடும், அந்த வலுவே வேண்டுமென்றால் இடையில் சூடாக்கக் கூடாது. முடிந்த குழாயை மேண்ட்ரலிலிருந்து கழற்றி, நீளவாக்கில் பல இடங்களிலும், ஒவ்வோர் இடத்திலும் சுற்றிலும் நான்கு புள்ளிகளிலும் தடிமன் அளந்து குறித்துக்கொண்ட பின்னரே முனைகளை வெட்டுங்கள். விரிந்த முனையை வெட்டிவிட்டால், விட்டம் எங்கே பெருக்கத் தொடங்கியது என்று காட்டும் சான்றும் அதோடு போய்விடும்.