ஆலை அங்கே, வரவு எங்கே? மேற்கு நாடுகளின் வருமானக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அமெரிக்காவில் இப்போது ஒரு ஊசிகூடச் செய்வதில்லை, எல்லாமே சீனாவிலிருந்து வருகிறது. அப்புறம் எப்படி அது பணக்கார நாடு?" நியாயமான கேள்விதான். ஆனால் பதில் தேடப் போகிறவர்கள் பெரும்பாலும் தவறான கணக்குப் புத்தகத்தைப் புரட்டுகிறார்கள்.

ஊசியிலிருந்தே தொடங்கலாம். ஆலை வேலை குறைந்தது உண்மை. அமெரிக்க ஆலைகளில் 1979-இல் சுமார் 1.95 கோடிப் பேர் வேலை பார்த்தார்கள்; இன்று சுமார் 1.3 கோடிப் பேர். ஆனால் வேலை குறைந்ததை வைத்து உற்பத்தியே நின்றுவிட்டது என்று முடிவு கட்டுவது தவறு. உற்பத்தி மதிப்பில் சீனாவுக்கு அடுத்த இடம் இன்னும் அமெரிக்காவுக்குத்தான். வெளியேறியவை துணி, செருப்பு, பொம்மை, மரச்சாமான், மின்னணுப் பொருட்களின் பாகங்களைச் சேர்த்துப் பூட்டும் வேலை. நாம் கடையில் வாங்குவது இவற்றைத்தான் என்பதால் எல்லாமே போய்விட்டதாகத் தோன்றுகிறது. ஜெட் இன்ஜினையும் மருந்து மூலப்பொருளையும் யார் கடைக்குப் போய் வாங்குகிறார்கள்? 'மேற்கு' என்று மொத்தமாகப் பேசுவதும் சரிவராது. ஜெர்மனியின் பொருளாதாரத்தில் உற்பத்தித் துறையின் பங்கு ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பத்தில் ஒன்று.

அதிகம் பேரை ஏமாற்றுவது சுங்கக் கணக்கு. ஒரு பெட்டி எந்தத் துறைமுகத்தில் கப்பல் ஏறுகிறதோ, அதன் முழு விலையும் அந்த நாட்டின் ஏற்றுமதியாகப் பதிவாகும். 2009-இல் விற்ற ஐபோன் ஒன்றைச் செய்ய ஆன செலவு 178.96 டாலர் என்று பொருளாதார ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அதில் சீனாவில் பூட்டும் கூலி 6.50 டாலர், அதாவது நூற்றுக்கு நான்குகூட இல்லை. மீதி ஜப்பானின் நினைவகச் சில்லு, ஜெர்மனியின் தொடர்புச் சில்லு, கொரியாவின் செயலி போன்ற பாகங்களுக்குப் போனது. அந்த ஆண்டு அமெரிக்காவுக்குப் போன 1.13 கோடி போன்களும் சீனாவின் கணக்கில் சுமார் 202 கோடி டாலர் ஏற்றுமதி. பூட்டிக் கொடுத்ததற்காக அங்கே தங்கியதோ 7.35 கோடி டாலர்தான். கடை விலைக்கும் 179 டாலருக்கும் இடையே உள்ள பெரிய தொகை வடிவமைப்புக்கும் மென்பொருளுக்கும் பிராண்டுக்கும் விற்பனைக்குமாகப் போகிறது. இன்று சீனாவிலேயே பல பாகங்கள் தயாராவதால் அதன் பங்கு கூடியிருக்கிறது. ஆனாலும் படிக்கும் முறை மாறவில்லை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து இத்தனை கோடிக்கு ஐபோன் ஏற்றுமதி என்ற செய்தியையும் இப்படித்தான் படிக்க வேண்டும்: இறக்குமதியான பாகங்களின் விலையைக் கழித்துவிட்டு மிஞ்சுவதுதான் இங்கே தங்கும் பணம்.

தைவான் கணினி நிறுவனமான ஏசரின் நிறுவனர் ஸ்டான் ஷி 1990-களின் தொடக்கத்திலேயே இதைச் சிரிக்கும் வாய் போன்ற ஒரு கோடாக வரைந்து காட்டினார். இடது முனையில் ஆராய்ச்சியும் வடிவமைப்பும், வலது முனையில் பிராண்டும் விற்பனையும் உயர்ந்து நிற்கும். நடுவில் பூட்டும் வேலை பள்ளத்தில் கிடக்கும். மேற்கு நாடுகள் விட்டுக்கொடுத்தது பெரும்பாலும் அந்த நடுப் பள்ளத்தை. ஆலைக்கே கருவி விற்பவர்களும் உண்டு. சில்லு உற்பத்தி தைவானுக்குப் போனாலும், அதிநுண் சில்லுகளை அச்சிடும் இயந்திரத்தைச் செய்வது உலகில் ஒரே நிறுவனம், நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல். இயந்திரம் ஒன்று 15 கோடி யூரோவுக்கு மேல். அதன் கண்ணாடிகள் ஜெர்மனியின் சைஸ் (Zeiss) நிறுவனத்திடமிருந்து வருகின்றன.

'சேவைத் துறை' என்றதும் சலூனும் ஓட்டலும் மனதில் வந்தால் கணக்கு மறுபடி தடம் புரளும். ரோல்ஸ் ராய்ஸ் விமான இன்ஜினை விற்றதோடு நிற்பதில்லை. விமானம் பறக்கும் மணிக்கு இவ்வளவு என்று பல ஆண்டுகளுக்குப் பராமரிப்புக் கட்டணம் வாங்குகிறது. (பிளேடில் கோளாறு வந்தால் செலவும் அதன் தலையில்தான், டிரென்ட் 1000 இன்ஜினில் அப்படி நடந்தது.) காப்புரிமைக்கான ராயல்டி, மென்பொருள் உரிமம், லண்டனின் கப்பல் காப்பீடு, சட்ட ஆலோசனை எல்லாமே ஏற்றுமதிதான். சென்னையிலிருந்து மான்செஸ்டருக்குப் படிக்கப் போகும் மாணவர் கட்டும் கல்விக் கட்டணமும், அங்கே கொடுக்கும் அறை வாடகையும்கூட பிரிட்டனின் ஏற்றுமதியாகத்தான் பதிவாகும்.

சேவை வருமானம் எல்லாப் பள்ளத்தையும் அடைத்துவிடுகிறது என்று அந்தப் பக்கம் சாய்வதும் பிழையே. பிரிட்டனில் பொருள் வணிகப் பற்றாக்குறையின் (ஏற்றுமதியை இறக்குமதி மிஞ்சும் தொகை) பெரும்பகுதியைச் சேவை உபரி அடைக்கிறது. அமெரிக்காவில் அப்படியில்லை: 2024-இல் பொருள் வணிகப் பற்றாக்குறை சுமார் 1.2 லட்சம் கோடி டாலர், சேவை உபரி சுமார் 30,000 கோடி டாலர். ஏறக்குறைய கால்வாசிதான். மிச்சத்துக்கு அரசுப் பத்திரம், பங்கு, சொத்து ஆகியவற்றை வெளிநாட்டினருக்கு விற்கிறார்கள். அது கடனும் சொத்து விற்பனையும், சம்பாத்தியம் ஆகாது. 2024 முடிவில் அமெரிக்காவின் நிகர வெளிநாட்டுக் கடப்பாடு (வெளிநாட்டினர் அங்கே வைத்திருப்பதிலிருந்து அமெரிக்கர்கள் வெளியே வைத்திருப்பதைக் கழித்தது) சுமார் 26 லட்சம் கோடி டாலர். அப்படியும் பல ஆண்டுகள் முதலீட்டு வருமானம் அதற்கு உபரியாகவே இருந்தது. வெளிநாட்டினர் வைத்திருந்தது குறைந்த வட்டிப் பத்திரங்கள். அமெரிக்கக் கம்பெனிகள் வெளியே வைத்திருந்தது நல்ல லாபம் தரும் துணை நிறுவனங்கள். 2022-க்குப் பின் வட்டி ஏற, அந்த இடைவெளி சுருங்கிவிட்டது.

ஆகவே ஒரு நாட்டுக்கும் வெளிநாடுகளுக்கும் இடையிலான வரவு செலவைக் காட்டும் நடப்புக் கணக்கை எடுத்தால் பொருள், சேவை, முதலீட்டு வருமானம் என்ற மூன்று வரிகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். சீனாவில் பூட்டி ஜெர்மனியில் விற்கும் அமெரிக்கப் போன் அமெரிக்க எல்லையைத் தொடுவதே இல்லை. அதன் லாபம் முதல் வரியில் வராது, ராயல்டியாகவோ துணை நிறுவன லாபமாகவோ வேறு வரியில் வரும். அதுவும் லாப வரி குறைந்த நாடு வழியாகச் சுற்றி வரலாம். 2015-இல் அயர்லாந்தின் மொத்த உள்நாட்டு உற்பத்தி சுமார் 26 சதவீதம் எகிறியது. பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் அறிவுசார் சொத்துகளை அங்கே பெயர் மாற்றிக்கொண்டது முக்கியக் காரணம். அந்த எண்ணை நம்பமுடியாமல் அயர்லாந்தே தனக்கென்று ஒரு திருத்திய தேசிய வருமானக் கணக்கை உருவாக்கிக்கொண்டது. இரு நாடுகளை ஒப்பிடுவதென்றால் பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடி வெளியிடும் மதிப்புக்கூட்டு வணிக அட்டவணையைப் பாருங்கள். பெட்டியின் மொத்த விலையை விட்டுவிட்டு ஒவ்வொரு நாடும் சேர்த்த மதிப்பை அது காட்டும்.

நாட்டுக்கு வந்த பணம் ஊருக்கும் வந்தது என்று நினைப்பது இன்னொரு தவறு. சீனா 2001 டிசம்பரில் உலக வணிக அமைப்பில் சேர்ந்தது. 1999 முதல் 2011 வரை சீன இறக்குமதியால் அமெரிக்காவில் 20 முதல் 24 லட்சம் வேலைகள் போனதாக டேவிட் ஆட்டர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். வடிவமைப்பு வருமானம் கலிபோர்னியாவில் சேர்ந்தது; வேலை போனது வட கரோலினாவின் மரச்சாமான் ஊர்களில். போனவர்களுக்கு அதே ஊரில் வேறு வேலை எளிதில் கிடைக்கவில்லை, பலர் ஊர் மாறவும் இல்லை. இந்த நட்டம் நடப்புக் கணக்கின் மூன்று வரிகளில் எதிலும் தெரியாது. அதைக் காண வட்டார வாரியான வேலை, கூலிப் புள்ளிவிவரங்களைத்தான் திறக்க வேண்டும்.