பம்பு ஜீனை நீக்கிவிட்டோம் என்று குதிக்கும் முன்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஒரே வேலைதான். பூஞ்சையின் செல் சவ்வில் இருக்கும் ஒரு கடத்திப் புரதத்தின், அதாவது பொருட்களைச் சவ்வு வழியே கடத்தும் பம்பின், ஜீனை நீக்க வேண்டும். அப்புறம் பூஞ்சை உப்பையும் மருந்தையும் தாங்குகிறதா, நோயை உண்டாக்குகிறதா என்று பார்க்க வேண்டும். கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சல், கேண்டிடா ஆரிஸ் போன்ற பூஞ்சை நோய்கள் உள்ள நாட்டில் தேவையான வேலை. நாங்கள் சறுக்கிய அதே இடங்களில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள். லேபிள், கையுறை கதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

யூரா3 எங்கே உட்கார்ந்திருக்கிறது?

கேண்டிடா ஆல்பிகன்ஸ் என்ற பூஞ்சையில் ஒவ்வொரு ஜீனும் இரண்டு பிரதி. இரண்டையும் எடுக்க வேண்டும். பழைய முறையில், யூரா3 ஜீன் (பூஞ்சைக்கு வேண்டிய யூரிடின் என்ற சத்தைச் செய்ய உதவுவது) இல்லாத ஸ்ட்ரெயினை, அதாவது பூஞ்சை வகையை, எடுத்து, நீக்கிய ஜீனின் இடத்தில் யூரா3-ஐ அடையாளத்துக்காக வைப்பார்கள். ஆனால் யூரா3 எவ்வளவு வேலை செய்யும் என்பது அது உட்காரும் இடத்தைப் பொறுத்தது. குறைவாக வேலை செய்தால் பூஞ்சைக்கு யூரிடின் போதாது. சத்து நிறைந்த வளர்ப்புத் தட்டில் இது தெரியவே தெரியாது. எலிக்குள் போனதும் பூஞ்சை சோர்ந்துவிடும்.

சாட்ஸ்வர்த்திலிருந்து வரும் ஒரு பெண், "அக்கா, பம்பு இல்லாவிட்டால் எலிக்கு நோயே வரவில்லை!" என்று ஓடி வந்தாள். யூரா3 எங்கே என்று கேட்டேன். பம்பு இருந்த இடத்தில். ஜீனைத் திருப்பிக் கொடுத்த ஸ்ட்ரெயினில் நோய் திரும்பி வந்ததே என்றாள். வரத்தான் செய்யும்! பம்பு ஜீனைச் சுமந்து போன பிளாஸ்மிட்டிலேயே (வளைய வடிவ டி.என்.ஏ.) இன்னொரு யூரா3 இருந்தது. அது நன்றாக வேலை செய்யும் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. எந்தச் சோதனை பொய்யைப் பிடிக்க வேண்டுமோ, அதுவே பொய்க்குச் சாட்சி சொல்லிவிட்டது. எலிகள், நெறிமுறை அனுமதிக்குக் காத்திருந்த மாதங்கள் எல்லாம் வீண். இதைச் சொல்லும்போது இப்போதும் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் இந்தச் சிக்கல் வெளியே தெரிந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது.

இயல்பான ஸ்ட்ரெயின், ஜீன் நீக்கியது, திருப்பிக் கொடுத்தது மூன்றிலும் யூரா3 ஒரே இடத்தில் இருக்கட்டும், பூஞ்சையின் மரபணுத் தொகுப்பில் ஆர்.பி.எஸ்.1 என்ற இடம் வழக்கமானது. இல்லையென்றால் யூரா3-ஐயே விட்டுவிட்டு, நூர்சியோத்ரிசின் மருந்தைத் தாங்கும் அடையாள ஜீனுக்குப் போய்விடுங்கள்.

உப்புத் தட்டு

உப்புத் தட்டில் பூஞ்சை வளராமல் போக இரண்டு காரணம் இருக்கலாம். உப்பு செல்லிலிருந்து தண்ணீரை இழுக்கும். சோடியம் நஞ்சாகவும் இருக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்க, தண்ணீரை இழுத்தாலும் சோடியம் இல்லாத சார்பிட்டால் கலந்த தட்டு வேண்டும். 1 மோலார் உப்புக்கு 1 மோலார் சார்பிட்டால் ஈடாகாது. உப்பு இரண்டாகப் பிரியும், சார்பிட்டால் பிரியாது. ஏறக்குறைய இரட்டிப்பு தேவை.

மின்வெட்டு

மின்சாரம் போய் இன்குபேட்டர் (பூஞ்சை வளர்க்கும் சூட்டுப் பெட்டி) எப்போது நின்றது என்று நோட்டில் எழுதுங்கள்.

சாயச் சோதனை

ரோடமின் 6ஜி என்ற சாயத்தைப் பம்பு செல்லிலிருந்து வெளியேற்றுவதைப் பார்க்க, பம்புக்குச் சக்தி தரும் குளுக்கோஸ் கொடுத்த குழாயோடு கொடுக்காத குழாயும் வேண்டும். பட்டினி போட்ட செல்லிலிருந்தும் சாயம் அதே அளவு வெளியே வந்தால் அது பம்பின் வேலை இல்லை, கசிவு. அப்புறம், இந்தச் சாயம் சி.டி.ஆர்.1, சி.டி.ஆர்.2 பம்புகளுக்குத்தான். எம்.டி.ஆர்.1 என்ற இன்னொரு பம்பு இதைத் தொடாது. அதற்கு வேறு சோதனை வையுங்கள்.