மான் மோப்பம் பிடிக்காத எண்ணெய்

கனடாவின் ஒன்ராறியோவில் இலையுதிர் காலத்து மான் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு இரண்டு கவலை. ஈரத்தில் கத்தியும் அம்பு முனையும் கறள் பிடிக்கும். அதைத் தடுக்க எண்ணெய் பூசினால், அந்த மணமே காற்றோடு போய் மானைக் கலைத்துவிடும். நான் கிராஸ்போவோடு, அதாவது விசையை இழுத்து அம்பு எய்கிற வில்லோடு, போகிறவன். மான் 25 மீற்றருக்குள் வந்தால்தான் எனக்கு வேலை. அதனால் எண்ணெய் விஷயத்தில் மிகவும் கவனமாக இருப்பேன்.

ஊரில் அம்மா அரிவாளுக்கு நல்லெண்ணெய் தடவித்தான் வைப்பார். அந்த நினைவில் முதல் வருடம் என் கார்பன் ஸ்டீல் கத்திக்கும் நல்லெண்ணெய் பூசி, தோல் உறையில் செருகி, பேஸ்மெண்டில் வைத்துவிட்டேன். அடுத்த சீசனுக்கு உருவிப் பார்த்தால் அலகு முழுக்க மஞ்சள் பசை, சிக்கு வாடை. பசையைச் சுரண்டினால் பிடியோரம் செம்புள்ளிகள். அம்மாவின் அரிவாள் தினமும் புழங்கியது, எண்ணெய் பழசாக நேரமே இருக்கவில்லை. மாதக்கணக்கில் சும்மா கிடக்கும் இரும்புக்கு நல்லெண்ணெய் சரிவராது, காற்றுப் பட்டு மெல்ல மெல்லப் பசையாக இறுகிவிடும்.

இப்போது நான் வாங்குவது பார்மசியில் மலச்சிக்கலுக்கு விற்கிற மினரல் ஒயில்தான். நிறம் இல்லை, மணம் இல்லை, சிக்குப் பிடிக்காது. இறைச்சி அறுக்கிற கத்தியில் பட்டாலும் பயமில்லை. போத்தலில் வேறு சேர்மானம் எதுவும் எழுதியிருக்கக் கூடாது. பேபி ஒயிலும் பெரும்பாலும் இதே எண்ணெய்தான், ஆனால் வாசனை கலந்திருப்பார்கள், வேண்டாம். டபிள்யூ.டி.-40 ஈரத்தை விரட்ட நல்லது. அதன் பெயரே 'நீரை வெளியேற்றும் 40ஆவது முயற்சி' என்பதன் சுருக்கம்தான். ஆனால் அந்த வாடை காட்டுக்கு ஆகாது. ஜப்பானியர் கத்திகளுக்குப் பூசும் கமேலியா எண்ணெயும் அருமை, விலைதான் கூட.

'வாசனை சேர்க்கப்படவில்லை' என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். எண்ணெய்க்கே வாடை இருக்கலாம். வெள்ளைத் துணியில் நாலு சொட்டு விட்டு, கழுவிக் காயவைத்த ஜாம் போத்தலுக்குள் போட்டு மூடி, ஓர் இரவு ஹீற்றர் பக்கத்தில் வையுங்கள். காலையில் கோப்பி குடிக்க முன் திறந்து மணந்து பாருங்கள். உங்கள் மூக்குக்கே தெரிந்தால் மானுக்குக் கட்டாயம் தெரியும்.

பூசுகிற முறை முக்கியம். வாசனையில்லாத சவர்க்காரத்தால் கழுவி, நன்றாகத் துடைத்து, காயவிடுங்கள். பழைய பருத்தித் துணியில் இரண்டு சொட்டு போதும். தேய்த்த பிறகு உலர்ந்த துணியால் இன்னொரு தரம் துடையுங்கள். விரலால் தொட்டால் வழுக்க வேண்டும், விரலில் ஈரம் தெரியக் கூடாது. கூடப் பூசினால் தூசிதான் ஒட்டும். கிராஸ்போ நாணுக்கு எண்ணெய் வேண்டாம், அதற்கென்று மெழுகு இருக்கிறது. விசைப் பகுதிக்கும் இந்த எண்ணெயை விடாதீர்கள், கடுங்குளிரில் தடித்து இறுகும். அங்கே கம்பனிக் கையேடு சொல்வதையே செய்யுங்கள். துவக்கு வைத்திருப்பவர்கள் முதலில் தோட்டா இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். குழாய்க்குள் பூசிய எண்ணெயைச் சுட முன் துடைத்தெடுக்க வேண்டும்.

மினரல் ஒயில் மெல்லிய படலம், மழையில் நனைந்தால் கழுவுப்பட்டுப் போகும். அதனால் சீசனில் ஒவ்வொரு நாளும் திரும்பி வந்ததும் பூசுவேன். ஆனால் வந்த உடனே அல்ல. குளிர்ந்த இரும்பைச் சூடான வீட்டுக்குள் திறந்தால் கண்முன்னே நீர்த்துளி படியும். பையை மூடியபடியே இரண்டு மூன்று மணி நேரம் விட்டு, வீட்டுச் சூட்டுக்கு வந்த பிறகு திறந்து, துடைத்து, பூசுவேன்.

சீசன் முடிந்ததும் கத்தியைத் தோல் உறைக்குள் வைக்கவே வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்திருக்கும். என் கத்தியில் அந்தச் செம்புள்ளிகள் உறை இறுக்கிப் பிடித்த இடத்தில்தான் கூடுதலாக இருந்தன. இப்போது கத்தி தனியாக, எண்ணெய் தொட்ட துணியில் சுற்றி, மேல்மாடி அலமாரியில் இருக்கிறது. உறை பக்கத்தில் வெறுமையாகத் தொங்குகிறது.