மெழுகு பூசிய முகங்கள்: பழைய படத்தின் புது டிஸ்க்கைப் பார்க்கும்போது நாம் செய்யும் தவறுகள்

சேலத்திலிருந்து ஏற்காடு போகிற ரோட்டில், மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த இடத்தில், இன்று மிச்சமிருப்பது ஒரு நுழைவு வளைவு. மலையாளத்தின் முதல் பேசும் படத்தை (1938) எடுத்தது அந்த நிறுவனம். தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) அவர்கள் எடுத்ததுதான். அதனாலோ என்னவோ, இந்த ஊரில் பழைய படம் பற்றிப் பேச ஆளுக்குப் பஞ்சமே கிடையாது. என் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலைந்து பேர் கூடுவோம். தட்டுவடை செட் ஒரு பக்கம், டிஸ்க் ஒரு பக்கம். அதில் ஒருவர் தியேட்டர் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கார்பன் குச்சி காலத்திலிருந்து புரொஜெக்டர் ஓட்டியவர். கீழே சொல்லப்போகிற தவறுகளில் பாதியை அவர் முன்னால் நானே செய்து, திட்டு வாங்கியிருக்கிறேன்.

முதல் திட்டு ‘புள்ளி’க்காக. கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றின் ப்ளூ-ரே. திரை முழுக்க ரவை தூவியதுபோல் ஏதோ நெளிந்துகொண்டே இருந்தது. “என்ன இது, சுத்தமே பண்ணலையா?” என்றேன். “தம்பி, அதுதான் படமே” என்றார் அந்த ஆபரேட்டர் அண்ணா.

அது கிரெய்ன். பிலிமில் படம் பதிவது வெள்ளி உப்பின் நுண்ணிய படிகங்களில். கறுப்பு வெள்ளைப் படத்தில் முகம், மரம், மேகம் எல்லாமே அந்தத் துகள்கள் சேர்ந்து உருவானவைதான். ஒவ்வொரு பிரேமிலும் துகள்கள் வேறு வேறு இடத்தில் விழுவதால் படம் ஓடும்போது லேசாக நெளிவது தெரியும். அதை இரைச்சல் என்று நினைத்து மென்பொருளால் துடைத்தால், துகளோடு தோலின் துவாரம், சுருக்கம், மீசை முடி, பட்டுப் புடவையின் நெசவு எல்லாம் போய்விடும். மிஞ்சுவது மெழுகுப் பொம்மை. கதாநாயகன் பேசுவான், கன்னம் மட்டும் அசையாது. “ரவையைச் சலிக்கிறேன்னு மூக்கையும் சேர்த்துச் சலிச்சுட்டாங்க” என்பது அண்ணாவின் விமர்சனம்.

‘சுத்தமாக இருக்கிறது’ என்று நாம் பாராட்டுகிற டிஸ்க்குகளில் நிறைய இப்படித் துடைத்து எடுத்தவை. இதில் இன்னொரு கூத்தும் நடக்கும். துடைத்ததால் மழுங்கிப்போன படத்தை மறுபடி கூர்மையாகக் காட்ட, ஓரங்களைச் செயற்கையாகத் தூக்கிவிடுவார்கள். வானத்துக்கு எதிரே நிற்கும் தென்னை மரத்தைப் பாருங்கள். மட்டையைச் சுற்றி வெள்ளைக் கோடு ஓடினால், அது சூரிய ஒளி இல்லை, கணினியின் கைவேலை.

கறுப்பு வெள்ளைப் படத்துக்கு எங்கள் வட்டத்தில் இரண்டு சோதனைகள் வைத்திருக்கிறோம். ஒன்று வேட்டி, இன்னொன்று கொண்டை. வெயிலில் நிற்கிற ஆளின் வெள்ளை வேட்டியில் மடிப்பு தெரிகிறதா? கதாநாயகியின் கொண்டையில் முடி இழை இழையாகத் தெரிகிறதா? வேட்டி வெறும் வெள்ளைத் தகடாக, கொண்டை வெறும் தார் உருண்டையாகத் தெரிந்தால், ‘கான்ட்ராஸ்ட் அருமை’ என்று கைதட்டுவதற்கு முன் யோசியுங்கள். பளிச்சென்று காட்ட, இரண்டு முனையிலும் இருந்த விவரத்தைக் காவு கொடுத்திருக்கலாம்.

வெள்ளைத் தூசியும் கறுப்புத் தூசியும்

தூசி, கீறல் தெரிந்தால் உடனே மார்க்கைக் குறைத்துவிடுகிறோம். தூசியைத் திட்டுவதற்கு முன் அதன் நிறத்தைப் பாருங்கள். இதை ஆபரேட்டர் அண்ணா சொல்லிக்கொடுத்த அன்றைக்குத்தான் எனக்குப் பழைய படம் பார்க்கவே தெரிந்தது என்பேன்.

கேமராவில் ஓடிய மூலப் பிலிம்தான் நெகட்டிவ். அதிலிருந்து தியேட்டருக்கு எடுக்கும் பிரதி பிரின்ட். நெகட்டிவின் மேல் தூசி ஒட்டியிருந்தால், பிரின்ட் போடும்போது அது வெளிச்சத்தை மறைக்கும். அந்த இடத்தில் பிரின்ட் கறுக்காது. அதனால் திரையில் வெள்ளைப் புள்ளி. பிரின்ட்டின் மேலேயே தூசி ஒட்டியிருந்தால், அது விளக்கின் வெளிச்சத்தை மறைத்துத் திரையில் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். ஆக, வெள்ளைப் புள்ளிகள் அங்கங்கே இருக்கிற டிஸ்க், ஒருவேளை நெகட்டிவிலிருந்தே எடுத்ததாக இருக்கலாம். கறுப்புப் புள்ளிகளும், மேலிருந்து கீழே மழை பெய்வதுபோல் கோடுகளும் இருந்தால், ஊர் ஊராக ஓடிக் களைத்த ஒரு தியேட்டர் பிரின்ட்டைத் தேடிப்பிடித்து ஸ்கேன் செய்திருக்க வாய்ப்பு அதிகம். இன்னும் ஒரு துப்பு: ரீல் முடியப்போகிற நேரத்தில் வலது மேல் மூலையில் ஒரு வட்டம் மின்னி மறையும், சில வினாடி கழித்து மறுபடி மின்னும். அடுத்த புரொஜெக்டரை ஓட்டச் சொல்லி ஆபரேட்டருக்கு வைத்த அடையாளம் அது. டிஸ்க்கில் அது தெரிந்தால் மூலம் பெரும்பாலும் பிரின்ட்தான்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், ஒரே படம் நாலைந்து தலைமுறை தாண்டித்தான் நம்மிடம் வருகிறது. நெகட்டிவ், அதிலிருந்து மாஸ்டர் பாசிட்டிவ், அதிலிருந்து டூப் நெகட்டிவ் (நகல் நெகட்டிவ்), அதிலிருந்து தியேட்டர் பிரின்ட். ஒவ்வொரு படியிலும் கூர்மை கொஞ்சம் கரையும், துகள் கொஞ்சம் தடிக்கும். நெகட்டிவ் அழிந்துபோன படத்துக்குப் பிரின்ட்டிலிருந்து நல்ல டிஸ்க் போட்டிருந்தால், அந்தப் பிரின்ட்டோடு ஒப்பிட்டுத்தான் அதை மதிப்பிட வேண்டும். வங்க இயக்குநர் சத்யஜித் ராய், அபு என்ற பையனின் கதையைச் சொல்லி எடுத்த மூன்று படங்களின் நெகட்டிவ் 1993-இல் லண்டன் ஆய்வகம் ஒன்றில் தீப்பிடித்தபோது கருகியது. தேறிய பகுதிகளை எடுத்து, மீதியை வேறு இடங்களில் இருந்த பிரதிகளிலிருந்து ஒட்டி, 2015-இல் 4கே-யில் மீட்டார்கள். காட்சிக்குக் காட்சி தரம் கொஞ்சம் மாறினால் அதற்குக் காரணம் அந்தத் தீதான்.

இதே குணம் தீப்பிடிக்காத படத்திலும் வரும். ஒரு காட்சி கரைந்து இன்னொரு காட்சி வருகிறதே, டிசால்வ், அதை அந்தக் காலத்தில் ஆய்வகத்தில் தனியாக ஆப்டிகல் செய்து, அதாவது இரண்டு காட்சியையும் வேறொரு பிலிமில் மறுபடி பதிந்து, ஒட்டுவார்கள். அந்தத் துண்டு மட்டும் ஒரு தலைமுறை கீழே. அதனால் டிசால்வுக்குச் சற்று முன்னால் படம் சட்டென்று மங்கி, முடிந்ததும் சட்டென்று தெளியும். நம் பாட்டுகளில் டிசால்வ் மேல் டிசால்வ் என்பதால் பாட்டு முழுக்கவே இந்த மங்கலும் தெளிவும் மாறி மாறி வரும். டைட்டில் எழுத்துகள் ஓடுகிற இடமும் அப்படித்தான். காரில் போகிற காட்சிகளில், பின்னால் ஓடுகிற ரோடு ஏற்கெனவே எடுத்து திரையில் ஓட்டியது. அங்கே துகள் தடித்துத்தான் இருக்கும். கதாநாயகியின் குளோசப் மட்டும் பஞ்சு மாதிரி மென்மையாக இருந்தால், அது லென்சின் முன்னால் மெல்லிய வலை வைத்து எடுத்ததாக இருக்கும். ஒளிப்பதிவாளர் பார்த்துப் பார்த்துச் செய்ததை டிஸ்க் கம்பெனியின் தப்பு என்று எழுதிவைக்காதீர்கள்.

முதல் பத்து நிமிடம் பார்த்துத் தீர்ப்பு எழுதுவதும் இதனால்தான் தவறு. டைட்டிலில் ஆப்டிகல் மங்கல். போதாததற்கு, ரீலின் தலையும் வாலும்தான் மாட்டி மாட்டி அதிகம் அடிபடும் இடங்கள். நடு ரீலுக்குப் போய்ப் பாருங்கள்.

பாதம் எங்கே?

பழைய படங்களின் சட்டம் ஏறக்குறைய சதுரம், அகலம் உயரத்தைப்போல் 1.37 மடங்கு. இன்றைய டிவி 16:9, அதாவது ஏறக்குறைய 1.78 மடங்கு. ஆகவே பழைய படத்தைச் சரியாகக் காட்டினால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்தே ஆக வேண்டும். ‘ஃபுல் ஸ்கிரீனா இல்லையே’ என்று இதற்காகக் குறை சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைத் திருப்திப்படுத்த, மேலும் கீழும் வெட்டி 16:9 ஆக்கிய பதிப்புகளும் உலவுகின்றன. படத்தின் உயரத்தில் கிட்டத்தட்ட கால்வாசி போய்விடும். பரதம் ஆடுகிற காட்சியில் அந்தக் கால்வாசி எது தெரியுமா? பாதமும் சலங்கையும். வெட்டாமல் அகலத்தில் இழுத்துவிட்டால் இன்னொரு அவலம்: எல்லோரும் குண்டாகிவிடுவார்கள். சினிமாஸ்கோப் படத்துக்கு நேர்மாறு. தமிழில் 1973-இல் ‘ராஜராஜ சோழன்’ தொடங்கிவைத்த அந்த அகலச் சட்டத்துக்கு மேலும் கீழும் பட்டை வரும். அதை நிரப்பினால் பக்கவாட்டில் நிற்கிறவர்கள் காணாமல் போவார்கள்.

‘படத்தை வெட்டிட்டாங்க’ என்ற புகாரிலும் பாதி கணக்குத் தப்பு. சினிமா வினாடிக்கு 24 பிரேம். பால் (PAL) என்ற டிவி முறையில் போட்ட டிவிடி வினாடிக்கு 25 ஓடும். மூன்று மணி நேரப் படம் ஏழு நிமிடம் முன்னாலேயே முடிந்துவிடும், ஒரு பிரேம்கூட வெட்டாமல். பாட்டின் சுருதியும் அரைச் சுரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஏறியிருக்கும், அதைச் சரிசெய்யாமல் விட்டிருந்தால். காது கூர்மையானவர்கள் இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

உண்மையிலேயே வெட்டா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. படத்தின் தொடக்கத்தில் சென்சார் சான்றிதழ் வருமே, அதை நிறுத்திப் படியுங்கள். நீளம் போட்டிருக்கும். 35 மி.மீ. பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 16,200 அடி என்றால் 180 நிமிடம். மீட்டரில் இருந்தால் 27.4-ஆல் வகுக்க வேண்டும். டிஸ்க்கின் நேரத்தையும் இதையும் வைத்துப் பார்த்துவிட்டுச் சண்டைக்குப் போகலாம்.

நிறத்துக்கு வருவோம். மாடர்ன் தியேட்டர்ஸின் அலிபாபா, கேவாகலர் என்ற அந்தக் கால வண்ணப் பிலிமில் எடுத்தது. இன்றைய டிஜிட்டல் படத்தின் சிவப்பையும் பச்சையையும் அதில் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். அப்படி யாராவது கொண்டுவந்து கொடுத்தால் இன்னும் பெரிய ஏமாற்றம். பழைய வண்ணப் பிரின்ட்டுகளில் முதலில் வெளுக்கிறது பெரும்பாலும் நீலப்பச்சைச் சாயம். அது போனதும் படம் மொத்தமும் இளஞ்சிவப்பாகிவிடும். அதைத் திருத்துகிறவர், இல்லாமல் போன நிறத்தை ஊகித்துத்தான் போட முடியும். வானமும் புல்லும் சரியாக வந்துவிட்டது என்று மகிழ்வதைவிட மனிதத் தோலைக் கவனியுங்கள். எல்லோர் முகமும் ஒரே ஆரஞ்சில் இருந்தால் கை மீறியிருக்கிறது. இரவுக் காட்சி பட்டப்பகல்போல் வெளிச்சமாக இருந்தாலும் இதே கதைதான். பகலில் எடுத்து, ஆய்வகத்தில் இருட்டாக்கி இரவு ஆக்குவது அன்றைய வழக்கம். ‘தெளிவாகத் தெரியட்டும்’ என்று அந்த இருட்டை நீக்கினால், கதாநாயகி கையில் லாந்தரோடு வெயிலில் நடப்பாள்.

ஏற்காட்டில் பனிமூட்டத்தில் எடுத்த பாட்டு இதற்கு நேர் எதிர்ச் சோதனை. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, மூட்டத்தின் நடுவில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே கறுப்பு என்று ஒன்று கிடையாது, சாம்பல்தான். அந்தக் காட்சியில் ‘பிளாக் லெவல் சரியில்லை’ என்று எழுதுவது பனியைக் குறை சொல்வது. அங்கே பார்க்க வேண்டியது வேறு: மூட்டம் மெல்ல மெல்ல அடர்கிறதா, இல்லை படிக்கட்டு மாதிரி பட்டை பட்டையாகத் தெரிகிறதா? பட்டை தெரிந்தால், படத்தை அளவுக்கு மீறி அமுக்கிச் சுருக்கியிருக்கிறார்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும், டிவியைத் திருத்தாவிட்டால் எல்லாம் வீண். கடையில் கண்ணைப் பறிக்க வைத்திருக்கும் ‘விவிட்’ மோடிலேயே வீட்டிலும் வைத்துக்கொண்டு டிஸ்க்கைத் திட்டுகிறோம். மோஷன் ஸ்மூத்திங்கை அணையுங்கள். அது இல்லாத பிரேம்களை இடையில் செருகி, 1950-களின் படத்தை நேற்றைய சீரியலாக்கிவிடும். ஷார்ப்னஸைப் பூஜ்யத்துக்கோ, அந்த டிவியில் நடுநிலை எதுவோ அதற்கோ கொண்டுவாருங்கள். புது டிவிகள் சிலவற்றில் ஃபிலிம்மேக்கர் மோட் என்று ஒன்று இருக்கும். அது இந்த வேலையை ஒரே அழுத்தில் செய்துவிடும். டியூப்லைட்டையும் அணைத்துவிடுங்கள்.

யூடியூபில் ‘4கே’ என்று போட்டிருப்பதை நம்பி ஒப்பிடுவதும், வாட்ஸ்அப்பில் வந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து முடிவு கட்டுவதும் வேண்டாம். பழைய விசிடி-யின் ஒரு பிரேமில் இருப்பது 352 × 288, அதாவது ஏறக்குறைய ஒரு லட்சம் புள்ளி. 4கே-யில் 83 லட்சம். விசிடி-யை 4கே ஆக்கி ஏற்றினால் மீதி 82 லட்சம் புள்ளியும் கணினி தானாக நிரப்பியவை. செயற்கை நுண்ணறிவு நிரப்பினால் இன்னும் வேடிக்கை. முகம் அச்சு அசலாகத் தெரியும், பின்னால் இருக்கிற கடையின் பெயர்ப் பலகையை மட்டும் படித்துப் பாருங்கள். தமிழ் மாதிரியே இருக்கும், எந்த எழுத்தும் தமிழாக இருக்காது.

போன ஞாயிறு அண்ணா ஒரு டிஸ்க் கொண்டுவந்தார். கறுப்பு வெள்ளை. போட்ட இரண்டாவது நிமிடத்தில் என் பையன், “பெரியப்பா, வெள்ளை வெள்ளையா ஏதோ விழுது பாருங்க” என்றான். அண்ணா ரிமோட்டை வாங்கி, பின்னுக்கு ஓட்டி, மறுபடி பார்த்தார். அப்புறம் தட்டுவடையைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். “நெகட்டிவ் கிடைச்சிருக்குடா.”