கல்லூரி ஃபுட்பால் ஆட்டத்தில் மாணவர் பகுதியை நான்காம் குவார்ட்டர் வரை நிரப்பி வைப்பது எப்படி?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் படிக்கும் நம் பிள்ளைகள் பலர் இப்போது அமெரிக்க ஃபுட்பால் (நம் ஊர்க் கால்பந்து அல்ல) ஆட்டங்களுக்கான மாணவர் உற்சாகக் குழுக்களில் சேர்கிறார்கள். சேர்ந்த முதல் மாதத்திலேயே இரண்டு சிக்கல்கள் அவர்கள் தலையில் விழுகின்றன. இடைவேளை முடிந்தால், மைதானத்தில் மாணவர்களுக்கென்று ஒதுக்கிய மாணவர் பகுதி பாதி காலி. முன்னாள் மாணவர்களோ வாகன நிறுத்துமிடத்தில் கூடாரம் போட்டு, இறைச்சி சுட்டுக்கொண்டு, உள்ளே வராமலே தொலைக்காட்சியில் ஆட்டத்தைப் பார்க்கிறார்கள். நான் முதுகலை படித்தபோது மாணவர் பகுதியை நடத்தும் குழுவில் இருந்தேன். இப்போது அதே பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர் சங்கத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். எங்களுக்குப் பலன் கொடுத்த வழியைப் படிப்படியாக எழுதுகிறேன். டவுன், யார்டு, டச்டவுன் போன்ற அடிப்படை விதிகளை இங்கே விரிவாக விளக்கப் போவதில்லை; பந்தை 10 யார்டு முன்னே கொண்டுபோக ஓர் அணிக்குக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் ஒவ்வொன்றும் ஒரு டவுன் என்பது தெரிந்தால் போதும்.

‘அணி ஜெயித்தால் கூட்டம் தானாக வரும்’ என்று முதல் கூட்டத்திலேயே யாராவது சொல்வார்கள். ஜெயிப்பதில் அலபாமா பல்கலைக்கழக அணியை மிஞ்ச ஆளில்லாத காலத்திலேயே, மாணவர்கள் பாதியில் எழுந்து போவதைப் பயிற்சியாளர் நிக் சேபன் 2018இல் வெளிப்படையாகக் குறை சொன்னார். மறு ஆண்டு அந்தப் பல்கலைக்கழகம் ஒரு செயலியைக் கொண்டுவந்தது: ஆட்டத்துக்கு வந்தால் 100 புள்ளி, நான்காம் குவார்ட்டர் (ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதி) வரை இருந்தால் 250 புள்ளி; புள்ளி அதிகமானால் பெரிய ஆட்டங்களின் டிக்கெட்டில் முன்னுரிமை. இப்படி ஆளை உட்கார வைக்கலாம், குரலை வரவழைக்க முடியாது என்பது என் கருத்து. வந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு வேலை இருக்க வேண்டும், அதை எப்போது செய்ய வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கீழே உள்ள எல்லாப் படிகளும் இதற்காகத்தான்.

படி 1: பகுதிக்கு ஓர் ஆள்

மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் சியர்லீடர்களை இருபதாவது வரிசையில் இருப்பவர் பார்ப்பதே இல்லை. ஆகவே கூட்டத்துக்கு நடுவில், ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவரை நிறுத்துங்கள். இதற்கு நான் எல்லோரிடமும் சொல்லும் உதாரணம் ஜார்ஜ் எட்மண்ட்சன். 1949இல் ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆட்டத்தைப் பார்க்கப் போனவர், கூட்டம் சொந்த அணியையே கேலி செய்வதைக் கேட்டுப் பொறுக்காமல், எழுந்து ஒரு முழக்கத்தைத் தொடங்கினார். மஞ்சள் சட்டை, டை, ஒரு விசில் என்று பகுதி பகுதியாக ஏறி இறங்கி 2008 வரை அதையே செய்தார். அவர் ஃபுளோரிடாவில் படித்தவரே அல்ல.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது குரல் வளத்தைப் பார்க்காதீர்கள். சுற்றியிருப்பவர்களின் பெயரைக் கேட்டு நினைவில் வைத்துக்கொள்கிறவர் போதும். இவர்களை ஒருங்கிணைக்கக் குரூப்மீ என்னும் செய்திச் செயலி நல்லது. அமெரிக்க மாணவர்கள் அதில்தான் இருக்கிறார்கள். வாட்ஸ்ஆப்பில் குழு தொடங்கினால் வெளிநாட்டு மாணவர்கள் மட்டுமே மிஞ்சுவார்கள்.

படி 2: மூன்றாவது டவுன்

எங்கள் குழு அதிக காலம் திணறிய இடம் இது. அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

எதிரணியிடம் பந்து இருந்தால் கத்த வேண்டும், நம் அணியிடம் இருந்தால் அடங்க வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும். எந்த விநாடியில் கத்துவது என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். ஒரு டவுன் முடிந்ததும் அடுத்ததைத் தொடங்க 40 விநாடி ஓடுகிறது. ‘மூன்றாவது டவுன்’ என்று ஒலிபெருக்கியில் கேட்டவுடனே மாணவர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். எதிரணி கூடிப் பேசி, கலைந்து, வரிசையில் வந்து நிற்பதற்குள் அத்தனை பேருக்கும் மூச்சு வாங்கிவிடும். தாக்குதலை நடத்தும் வீரரான குவார்ட்டர்பேக் தன் ஆட்களுக்குக் குரல் கொடுக்கும் விநாடிகளில் மைதானம் அடங்கிப்போயிருக்கும்.

40இலிருந்து கீழிறங்கி ஓடும் அந்தக் கடிகாரத்தைப் பாருங்கள். 2024 முதல், முதல்நிலைப் பிரிவு அணிகளில் ஒரு வீரரின் தலைக்கவசத்துக்குள் பயிற்சியாளர் வானொலி வழியே பேசலாம். கடிகாரம் 15 விநாடிக்கு வந்ததும் அந்த இணைப்பு துண்டிக்கப்படும். அதன் பிறகு குவார்ட்டர்பேக் தன் கண்ணையும் குரலையும் மட்டும் நம்பி நிற்கிறார். நம் சத்தம் உச்சத்தில் இருக்க வேண்டிய நேரம் அது. பக்கத்தில் நிற்பவனுக்குக் கேட்காமல் போய், ஒரு வீரன் பந்து நகரும் முன்பே அசைந்துவிட்டால் எதிரணிக்கு 5 யார்டு தண்டனை. நான்கு யார்டு தேவைப்பட்ட இடத்தில் ஒன்பது தேவைப்படும். அதை நிகழ்த்தியது தாங்கள்தான் என்று மாணவர்கள் ஒரு முறை உணர்ந்துவிட்டால், பிறகு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரி, அந்த நேரத்தை எப்படி அறிவிப்பது? எல்லோருக்கும் முதலில் தோன்றுவது மேளம். கூடாது. மார்ச்சிங் பேண்டும் சியர்லீடர்களும் ஆட்ட விதிகளுக்கு உட்பட்டவர்கள். எதிரணி தன் குறிப்புகளைக் கேட்க முடியாதபடி அவர்கள் ஒலி எழுப்பினால் நம் அணிக்குத்தான் தண்டனை. பார்வையாளரின் வெறும் தொண்டைக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே சைகை கண்ணுக்குத் தெரிவதாக இருக்க வேண்டும்.

நாங்கள் பயன்படுத்துவது இருபக்கமும் வண்ணம் பூசிய அட்டை. மஞ்சள் பக்கம் தெரிந்தால் கைகளை மட்டும் உயர்த்த வேண்டும், வாய் திறக்கக் கூடாது. கடிகாரம் 20ஐத் தொடும்போது சிவப்புப் பக்கம். பந்து நகரும் வரை கத்த வேண்டும். நம் அணி பந்தை எடுத்ததும் அட்டை கீழே போய்விடும், உள்ளங்கையைத் தரையை நோக்கி அழுத்திக் காட்டுவோம். பகுதிப் பொறுப்பாளர் கூட்டத்தைப் பார்த்து, மைதானத்துக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். அவர் காதில் கடிகாரத்தைச் சொல்ல இன்னொருவர் வேண்டும். இந்த இரண்டாவது ஆளை வைக்காமல் தொடங்கவே தொடங்காதீர்கள்.

அட்டைக்குக் கடையில் விற்கும் ஃபோம் போர்டு வேண்டாம்; காற்றில் மடங்கும், மழையில் ஊறும். குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டைப்பெட்டியை வெட்டி எண்ணெய்ப் பூச்சு அடியுங்கள். அதில் எழுத்து எதுவும் எழுதாதீர்கள், நிறம் போதும். மெகாஃபோன் வாங்கக் காசு செலவழிக்க வேண்டாம். பல மைதானங்கள் அதை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளும்.

படி 3: கிளம்ப நினைக்கும் நேரத்தில் ஒரு சடங்கு

மக்கள் எழுந்து போகும் நேரங்கள் இடைவேளையும் மூன்றாம் குவார்ட்டரின் முடிவும். அங்கே ஏதாவது ஒன்று காத்திருக்க வேண்டும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மூன்றாம், நான்காம் குவார்ட்டர்களுக்கு இடையே மைதானமே சேர்ந்து குதிக்கிறது. 1998இல் தொடங்கிய வழக்கம். அதற்காகவே இருப்பவர்கள் உண்டு. கறுப்பினத்தவருக்காக நிறுவப்பட்ட பல்கலைக்கழகங்களில் இடைவேளையில் யாரும் இருக்கையை விட்டு நகர்வதில்லை. அங்கே பேண்டுகளின் மோதலே ஒரு தனி ஆட்டம்.

எனக்கு மிகப் பிடித்தது அயோவா பல்கலைக்கழகத்தினுடையது. அதன் கின்னிக் மைதானத்தை ஒட்டிக் குழந்தைகள் மருத்துவமனை உயர்ந்து நிற்கிறது. 2017 முதல், முதல் குவார்ட்டர் முடிந்ததும் மைதானத்தில் இருக்கும் அத்தனை பேரும் திரும்பி, மேல்மாடிச் சன்னல்களில் நிற்கும் குழந்தைகளுக்குக் கையசைக்கிறார்கள். எதிரணி ரசிகர்களும் அசைக்கிறார்கள். ஒரு காசு செலவில்லை, ஒத்திகை இல்லை.

உங்கள் ஊருக்கான சடங்கைத் தேடும்போது இதைப் பாருங்கள்: முதல் முறை வந்தவர்கூட உடனே சேர முடிகிறதா, நேரம் நிலையானதா, உங்கள் வளாகத்துக்கே உரியதா. முக்கியமாக, தோற்றுக்கொண்டிருக்கும்போதும் விடாமல் செய்யுங்கள். ராணுவ அகாடமியும் கடற்படை அகாடமியும் மோதும் ஆட்டத்தின் முடிவில் இரு அணிகளும் சேர்ந்து நின்று, தோற்றவர் பள்ளிப் பாடலை முதலிலும் வென்றவர் பாடலை இரண்டாவதாகவும் பாடுகிறார்கள். தோற்றவர்களுக்கும் கடைசி வரை இருக்க அங்கே ஒரு காரணம் இருக்கிறது.

படி 4: நிறம்

பென் ஸ்டேட் பல்கலைக்கழக ஆட்டத்தில் எல்லோரும் வெள்ளை உடுத்தி வரும் வெள்ளைக் கடலைப் பலரும் பார்த்திருப்பீர்கள். 2004இல் மாணவர் பகுதியில் மட்டும் தொடங்கி, பிறகு லட்சம் பேர் கொள்ளும் அந்த மைதானம் முழுவதற்கும் பரவியது. எல்லோர் வீட்டிலும் ஏற்கெனவே இருக்கும் நிறத்தைத் தேர்ந்தெடுங்கள். சட்டை விற்க முயன்றால் பாதிப் பேர் வாங்க மாட்டார்கள்.

வண்ண அட்டைகளைக் கூட்டமாகத் தூக்கி எழுத்துகள் காட்டும் வித்தையைத் தொடக்கக் குழுக்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். செய்தே தீருவோம் என்றால், யார் எந்த அட்டையை எப்போது தூக்குவது என்ற குறிப்புத் தாள்களைப் பூட்டி வையுங்கள். 1961 ரோஸ் பௌல் ஆட்டத்தில் வாஷிங்டன் பல்கலைக்கழக ரசிகர்களின் தாள்களைக் கால்டெக் (கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகம்) மாணவர்கள் மாற்றி வைத்துவிட்டதால், தேசமே தொலைக்காட்சியில் பார்க்க, அவர்கள் ‘கால்டெக்’ என்று தூக்கிப் பிடித்தார்கள். 2004இல் யேல் மாணவர்கள் ஹார்வர்டு குழுவினர் போல வேடமிட்டு ஹார்வர்டு ரசிகர்களிடமே அட்டைகளை விநியோகித்து, ‘நாங்கள் மட்டம்’ என்ற பொருளில் அவர்களையே அறிவிக்க வைத்தார்கள்.

படி 5: முன்னாள் மாணவர்கள்

ஹோம்கமிங் என்னும் திரும்பி வரும் விழாவை முதலில் தொடங்கியது தாங்களே என்று பெய்லர் பல்கலைக்கழகம் 1909ஐயும், இல்லினாய் பல்கலைக்கழகம் 1910ஐயும், மிசூரி பல்கலைக்கழகம் 1911ஐயும் காட்டுகின்றன. நூறாண்டுக்கும் மேலாக மக்கள் வரத்தான் செய்கிறார்கள். அவர்களைக் கூடாரத்திலிருந்து இருக்கைக்குக் கொண்டுவருவதுதான் பாடு.

பட்டம் பெற்ற ஆண்டு வாரியாகக் கூடாரம் போடாதீர்கள். தங்கிய விடுதி, படித்த துறை, வாசித்த பேண்ட் என்று பிரித்தால் வெவ்வேறு வயதினர் கலந்து பேசுவார்கள். ஆட்டத்துக்கு முன் மார்ச்சிங் பேண்டைக் கூடாரங்களுக்கு நடுவே நடத்தி மைதானத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். கூட்டம் பின்னாலேயே வந்துவிடும். மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற தோப்பில் அணி வீரர்களே கூடாரங்களுக்கு இடையே நடந்து போகிறார்கள்.

உள்ளே வந்த பிறகு ஒரு சண்டை காத்திருக்கும். மாணவர்கள் நின்றுகொண்டே பார்ப்பார்கள், பருவ டிக்கெட் வாங்கிய பெரியவர்கள் உட்கார விரும்புவார்கள். இருவருக்கும் நடுவே, அண்மையில் பட்டம் பெற்றவர்களுக்குக் குறைந்த விலையில் இரண்டு பகுதிகளை ஒதுக்கும்படி டிக்கெட் அலுவலகத்தைக் கேளுங்கள். எங்கள் ஊரில் முறையீடுகள் நின்றது இதனால்தான். பல்கலைக்கழகப் பாடலின் வரிகளை அச்சிட்டுத் தர மறக்காதீர்கள். பெரியவர்களுக்கு முழுப் பாடலும் தெரியும், முதலாண்டு மாணவர்களுக்கு முதல் வரிகூடத் தெரியாது. சேர்ந்து பாடும்போது பெரியவர்கள் கற்றுக்கொடுக்கிறவர்களாக மாறுகிறார்கள். அவர்கள் உட்கார்ந்திருப்பதைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் முணுமுணுப்பதில்லை.

பின்குறிப்புகள்

வாசகர்கள் எழுதிய சிக்கல்களைப் பார்த்துச் சேர்த்தவை இவை.

செப்டம்பர் மாதப் பகல் ஆட்டத்தில் பாதிப் பேர் வெயிலால்தான் போகிறார்கள் என்று தெற்கு மாநிலத்திலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். முழு உண்மை. இலவசக் குடிநீர் இல்லாமல் மேலே சொன்ன எதுவும் நடக்காது. அதைப் பல்கலைக்கழக விளையாட்டுத் துறையிடம் முதல் கோரிக்கையாக வையுங்கள்.

ஆய்வு மாணவர்கள், அதிலும் இந்தியாவிலிருந்து வந்தவர்கள், விதி தெரியாததால் வருவதில்லை என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். பருவம் தொடங்கும் முன் ஒரு மாலை அவர்களைக் காலி மைதானத்துக்கே அழைத்துப் போய், நான்கு டவுன்களை நடந்து காட்டுங்கள். நாங்கள் உள்ளூர்த் தமிழ்ச் சங்கத்தின் வழியே அழைத்தோம். வந்தவர்களில் பலர் இப்போது அட்டை பிடிக்கிறார்கள்.

மணி, ஊதுகுழல் கொண்டு வரலாமா என்பது அதிகம் வந்த கேள்வி. உங்கள் அணி ஆடும் மாநாட்டின் (கான்ஃபரன்ஸ் என்னும் பல்கலைக்கழக அணிகளின் கூட்டமைப்பு) விதியைப் பாருங்கள். தென்கிழக்கு மாநாட்டில் மிசிசிப்பி ஸ்டேட்டின் மாட்டு மணிக்கே 2010இல்தான், அதுவும் ஆட்டம் நின்றிருக்கும் நேரங்களுக்கு மட்டும், அனுமதி கிடைத்தது.

கைக்குழந்தையோடு வரும் முன்னாள் மாணவர்களுக்காகக் காது மூடிகளை ஒரு பெட்டியில் வாங்கி, குடும்பங்கள் நுழையும் வாசலில் வையுங்கள். போகும்போது திருப்பி வாங்கிக்கொள்ளலாம்.