பனியன் கம்பெனியில் குழு விளையாட்டு நடத்துவது எப்படி?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஊழியர் நலனைக் கவனித்துக்கொள்கிறேன். குழு விளையாட்டு என்றதும் ஞாயிற்றுக்கிழமைக்கு ரிசார்ட் தேடாதீர்கள். துணி துவைக்க, பிள்ளைகளோடு இருக்க அவர்களுக்கு இருப்பது அந்த ஒரு நாள்தான். சனிக்கிழமை மதியம், சம்பள நேரத்திலேயே வையுங்கள்.

அணி பிரிப்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் ஒவ்வொன்றிலிருந்தும் ஒருவர் என நாலு பேர் போதும். சூப்பர்வைசரை அவரிடம் வேலை பார்ப்பவரோடு சேர்க்க வேண்டாம். அவர் சொல்வதற்கு மற்றவர்கள் தலையாட்டிக்கொண்டே இருப்பார்கள்.

ஒடியா, இந்தி பேசுபவர்களும் இருப்பார்கள். அதனால் பேச்சு அதிகம் தேவைப்படாத ஆட்டமே நல்லது. பீட்டர் ஸ்கில்மன் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கிய, யார் உயரமான கோபுரம் கட்டுகிறார்கள் என்ற போட்டி எனக்குப் பிடித்தது: 20 ஸ்பாகெட்டி குச்சி (வேகவைக்காத நீள நூடுல்ஸ்), ஒரு கெஜம் டேப், ஒரு கெஜம் நூல், உச்சியில் வைக்க ஒரு மார்ஷ்மெல்லோ (பஞ்சு போன்ற மிட்டாய்), 18 நிமிடம். நம் ஊருக்கு ஈர்க்குச்சியும் எலுமிச்சையும் போதும். ஆனால் எலுமிச்சை கனத்தில் ஈர்க்கு வளைந்துவிடும். கூடுதலாகக் குச்சி கொடுங்கள். நாலைந்தாகச் சேர்த்துக் கட்டினால் நிற்கும். அந்த வழியை நீங்கள் சொல்லிவிடாதீர்கள், அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

கூச்சப்படுபவர்களை வற்புறுத்த வேண்டாம். நேரம் பார்க்க, உயரம் அளக்க அவர்களை அழையுங்கள். அப்புறம் எல்லோருக்கும் சூடாக போண்டா, டீ.