வயலுக்கு ஒரு சின்ன மண் அணை: மண் பார்ப்பது முதல் தண்ணீர் தேக்குவது வரை

மேட்டூர் ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். சம்பா தாளில் விதைத்த உளுந்துக்கு அதற்கப்புறம் ஆற்றுத் தண்ணீர் கிடையாது. பூக்கும்போது ஒரு தண்ணீர், காய் பிடிக்கும்போது ஒரு தண்ணீர் கொடுக்க முடிந்தால் விளைச்சலே வேறு. ஐப்பசி, கார்த்திகையில் வடிந்து ஓடும் மழையை ஏழடி உயரக் கரை போட்டுப் பிடித்து வைத்தால் அந்த இரண்டு தண்ணீருக்கு வழி உண்டு.

எந்த ஊருக்கு இது ஒத்துவரும்

கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் பக்கம் பூமி பலகை போலக் கிடக்கிறது. அங்கே கரை போட்டுத் தண்ணீரைத் தடுக்க முடியாது, குட்டைதான் வெட்ட வேண்டும். நாகை, வேதாரண்யம் கரையோரத்தில் ஆழமாக வெட்டினால் உப்புத் தண்ணீர் ஊறும். மண் அணைக்கு நிலம் கொஞ்சம் சரிய வேண்டும். அந்த வாட்டம் கல்லணைக் கால்வாய்ப் பாசனப் பகுதியில், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி மேட்டு நிலங்களில் இருக்கிறது.

சொந்தப் பட்டாவில், தன் நிலத்துக்குள் வடியும் மழைநீரை மட்டும் தேக்கலாம். ஓடைப் புறம்போக்கையோ வடிகால் வாய்க்காலையோ குறுக்கே அடைக்கக் கூடாது. கீழே இருப்பவரின் வயல் மூழ்கும், வழக்கும் வரும். கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடத்தைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பத்தடிக்கு மேல் உயரம் என்றால் பொறியாளர் இல்லாமல் கை வைக்க வேண்டாம்.

மண் பார்த்தல்

கரை நிற்கப்போகும் இடத்தில் மூன்று குழி, மண் எடுக்கும் இடத்தில் இரண்டு குழி, ஒவ்வொன்றும் ஐந்தடி ஆழம் வெட்டுங்கள். ஒவ்வொரு அடுக்கு மண்ணையும் தனியாக வைத்துக்கொண்டு இரண்டு சோதனை செய்ய வேண்டும்.

முதலாவது பாட்டில் சோதனை. ஒரு லிட்டர் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர். நன்றாகக் குலுக்கி ஒரு நாள் அசைக்காமல் வையுங்கள். அடியில் மணல், நடுவில் வண்டல், மேலே களி என்று படியும். களி 20 முதல் 30 சதவீதம் இருந்தால் கரைக்கு நல்ல மண். 15-க்குக் கீழே போனால் கசியும். பாதிக்கு மேல் களியாக இருந்தால் சித்திரை வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். களி மிகுந்தால் நல்லதுதானே என்று பலர் ஏமாறுவது இங்கேதான்.

இரண்டாவது சோதனையைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. ஒரு கண்ணாடி டம்ளரில் மழைத்தண்ணீர் எடுத்து, காய்ந்த மண் கட்டி ஒன்றைக் கோலிக்குண்டு அளவில் மெதுவாக உள்ளே விடுங்கள். கலக்காதீர்கள். கட்டி உதிர்ந்து அடியில் குவிந்தால் பயமில்லை. பத்து நிமிடத்தில் கட்டியைச் சுற்றிப் பால் கலந்ததுபோல் வெள்ளை மேகம் பரவினால் அது களர் மண். தண்ணீர் பட்டாலே தானாகக் கரையும் குணம் அதற்கு. அதில் கட்டிய கரைக்குள் ஊசித்துளை அளவு கசிவு ஒரே மழையில் எலி வளை அளவுக்கு விரியும். போர்த் தண்ணீரில் இந்தச் சோதனை வேண்டாம். அதிலிருக்கும் உப்பு மண்ணைக் கரையவிடாமல் பிடித்து வைத்து, களரை நல்ல மண்போலக் காட்டிவிடும்.

அளவும் மண் கணக்கும்

கரை உயரம் 7 அடி. மேல் அகலம் 7 அடி, டிராக்டர் போக வேண்டும் அல்லவா. தண்ணீர்ப் பக்கச் சரிவு ஒன்றுக்கு மூன்று, வெளிப்பக்கம் ஒன்றுக்கு இரண்டு. அப்படியென்றால் அடி அகலம் 7 + 21 + 14 = 42 அடி. குறுக்கு வெட்டுப் பரப்பு 171 சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். நூறடி நீளத்துக்கு ஏறக்குறைய 172 யூனிட் மண் (ஒரு யூனிட் என்பது 100 கன அடி). லாரியில் வரும் தளர்ந்த மண் இறுகினால் சுருங்கும், அதனால் 205 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடி அகலத்தைக் கேட்டதும் "பாதி போதாதா" என்று தோன்றும். போதாது. செங்குத்தான கரை நனைந்தவுடன் சரியும்.

மண்ணை உள்பக்கத்திலிருந்தே எடுக்கலாம், கரை அடியிலிருந்து 15 அடி தள்ளி. களி அடுக்கை முழுசாக வாரிவிட்டால் அடியிலிருக்கும் மணல் வழியே குட்டை காலியாகும். ஓரடி களியாவது விட்டுவையுங்கள்.

அரை ஏக்கர் நீர்ப்பரப்பு, சராசரி மூன்றடி ஆழம் என்றால் கொள்ளளவு சுமார் 18.5 லட்சம் லிட்டர். வெயிலில் நாளொன்றுக்கு 5 முதல் 7 மி.மீ. ஆவியாகும், கசிவும் உண்டு. பாதிதான் கைக்கு வரும் என்று வையுங்கள். இரண்டு அங்குலத் தண்ணீர் இரண்டு முறை கொடுக்க ஏக்கருக்குச் சுமார் 4.1 லட்சம் லிட்டர் வேண்டும். ஆக இரண்டு ஏக்கர், அதாவது ஆறு மா உளுந்துக்குச் சரியாக வரும்.

கரை போடுதல்

வேலையை மாசி, பங்குனியில் தொடங்குங்கள், மண்ணில் ஈரம் இருக்கும். ஆவணிக்குள் முடித்தால் ஐப்பசி மழைக்கு முன் புல் பிடிக்கும்.

கரை உடைவது பெரும்பாலும் ஒட்டு இடங்களில்: பழைய தரையும் புது மண்ணும் சேரும் இடம், குழாயும் மண்ணும் சேரும் இடம், கரை முனை மேட்டில் போய் முட்டும் இடம். கவனத்தை அங்கே செலவழியுங்கள்.

புல், வேர், மேல்மண் எல்லாவற்றையும் ஓரடி ஆழத்துக்கு வாரி ஒதுக்குங்கள். சீமைக்கருவேல வேர் ஒன்றுகூட உள்ளே தங்கக் கூடாது, மக்கினால் அதுவே குழாயாகிவிடும். பிறகு கரையின் நடுக்கோட்டில், முழு நீளத்துக்கும், நாலடி அகலத்தில் அடைப்புப் பள்ளம் எடுங்கள். ஆழம் மூன்றடி என்பது குறைந்தபட்சம். மணல் அடுக்கு தெரிந்தால் அதைத் தாண்டிக் களியைத் தொடும்வரை இறங்க வேண்டும். இருக்கும் மண்ணிலேயே களி மிகுந்ததை இந்தப் பள்ளத்துக்கு ஒதுக்குங்கள்.

மண்ணை அரையடி அடுக்காகப் பரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் ரோலரோ மண் ஏற்றிய டிராக்டரோ விட்டு ஆறேழு தடவை ஓட்டுங்கள். ஜேசிபி வாளியால் தட்டுவது மேலோட்டமாகத்தான் இறுக்கும். ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி மண்ணைக் கொழுக்கட்டைபோல் பிடித்து, இடுப்புயரத்திலிருந்து கீழே போடுங்கள். தூளாகச் சிதறினால் காய்ச்சல் அதிகம், தண்ணீர் தெளிக்க வேண்டும். சப்பென்று ஒட்டிக்கொண்டால் ஈரம் அதிகம், ஒரு நாள் ஆறவிடுங்கள். இரண்டு மூன்று துண்டாக உடைந்தால் ஓட்டலாம். அடுத்த அடுக்குக்கு முன் மேற்பரப்பைக் கலப்பையால் கீறிவிடுங்கள், வழவழப்பான அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டாது. பெரிய கல்லையும் செங்கல் உடைசலையும் பொறுக்கி எறியுங்கள். கல்லுக்கு அடியில் திமிசு, அதாவது மண் இடிக்கும் கட்டை, போகாது.

டிராக்டர் ஓட்டிய கரை நாளடைவில் பத்தில் ஒரு பங்கு வரை அமுங்கும். ஆகவே நடுவில் எட்டு அங்குலம் கூட்டிப் போடுங்கள்.

குழாய்

6 அங்குல பிவிசி, 6 கிலோ பிரஷர். 20 அடி பைப் இரண்டு முழுசாகவும் ஒரு துண்டும் தேவைப்படும். அணையின் உள் தரையிலிருந்து ஓரடி உயரத்தில், நன்றாக இறுகிய மண்ணில் பள்ளம் வெட்டிப் பதியுங்கள். குழாயின் அடிவயிற்றில் மண் நிரம்பாமல் விட்டுப்போவதுதான் பெரிய ஆபத்து. ரோலர் அங்கே எட்டாது. நாலு அங்குல அடுக்காக ஈரக் களியைத் திணித்து, இருபக்கமும் கைத் திமிசால் இடித்து ஏற்ற வேண்டும். இரண்டரை அடிச் சதுரக் கான்கிரீட் பட்டை இரண்டைக் குழாயைச் சுற்றி வார்த்துவிட்டால், வெளிப்புறத்தை ஒட்டி ஊரும் தண்ணீர் தடைபடும். வால்வை வெளிப்பக்கம் மட்டும் வைத்தால் கரைக்குள்ளிருக்கும் குழாய் எப்போதும் அழுத்தத்தில் இருக்கும், ஒரு ஒட்டு விட்டாலும் தெரியாது. உள்முனையில் எல்போ போட்டு, நிமிர்ந்த பைப்பைச் செருகிக் கழற்றும்படி வைப்பது மேல்.

கலிங்கு

கலிங்கை, அதாவது மிஞ்சிய தண்ணீர் வெளியேறும் வழியை, கரையின்மேல் வைக்காதீர்கள். கரை முனைக்கு அப்பால், வெட்டாத பழைய மண்ணில் எடுங்கள். அதன் தளம் கரை உச்சிக்கு இரண்டடி கீழே இருக்கட்டும். ஐந்து ஏக்கரிலிருந்து வடிந்து வரும் தண்ணீர், மணிக்கு 100 மி.மீ. மழையில் பத்தில் நாலு பங்கு ஓடும் என்று வைத்தால், நொடிக்குச் சுமார் 220 லிட்டர். பத்தடி அகலக் கலிங்கு அரையடி ஆழத்தில் இதைத் தாராளமாகக் கடத்தும். அருகம்புல் பதித்துவிடுங்கள். மீன் போகிறதே என்று வலையும் முள்ளும் கட்டினால் குப்பை அடைத்து, தண்ணீர் கரை மேல் ஏறும். மண் கரையில் தண்ணீர் ஏறி வழிந்தால் சில மணி நேரத்தில் அறுத்துக்கொண்டு போய்விடும். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலால் கரை உச்சியைப் பத்தடிக்கு ஒரு முறை பாருங்கள், ஓரிடம் தாழ்ந்தாலும் அங்கேதான் வழியும்.

முதல் நீரும் பிறகும்

முதல் மழையில் பாதிக்கு மேல் தேக்காமல் குழாயைத் திறந்து வையுங்கள். ஒரு வாரம் வெளிச்சரிவின் அடியைக் காலையும் மாலையும் நடந்து பாருங்கள். ஈரமும் தெளிந்த கசிவும் சகஜம். கசிவு கலங்கி வந்தால் உள்ளே மண் அரிக்கிறது என்று பொருள், உடனே நீர்மட்டத்தைக் குறையுங்கள். வெளியில் களியை அப்பி அடைக்க வேண்டாம், தண்ணீர் வேறு வழி தேடும். அந்த இடத்தில் மணலை விரித்து, மேலே சிறு ஜல்லி போட்டால் தண்ணீர் வெளியேறும், மண் தங்கும். பள்ளம் நிரப்புவதும் ஓட்டை தேடுவதும் தண்ணீர் வடிந்த பிறகு.

கரையில் வெட்டிவேரும் அருகும் போதும். தென்னை, தேக்கு வேண்டாம். நண்டு வளையையும் எலி வளையையும் மாதம் ஒரு முறை தோண்டி, ஈரக் களியை இடித்து மூடுங்கள், வாயில் மட்டும் மண் தள்ளினால் பிரயோசனமில்லை.

மாசியில் இறைக்கும்போது நாளொன்றுக்கு அரையடிக்கு மேல் மட்டத்தை இறக்காதீர்கள். ஊறிய உள்சரிவுக்குத் தாங்கிப் பிடித்திருந்த தண்ணீர் சட்டென்று போனால், கரையின் உள்முகம் மொத்தமாக வழுக்கிக் குட்டைக்குள் இறங்கும்.